இரண்டு மடியும் ஒரு ஜெனரலும்

காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும். எனக்கும் தம்பிக்கும் ஒரே நாளில் குத்துவதாக இருந்ததால் இரண்டு மடி தேவைப்பட்டது. அம்மாவுக்கு அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர், கணக்குச் சரிதான். ஆனால் அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. காரணம், எங்கள் ஊர்ப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு ஜெனரல்.

பெரிய மாமா பட்டாளத்துக்காரர். இலங்கைக்குப் போன படையில் இருந்து, காலில் காயத்தோடு லீவில் வந்திருந்தார். கூடப் போன கூட்டாளிகள் நாலு பேர் திரும்பவில்லை. எங்கள் பக்கம் யாருக்கும் பிடிக்காத சண்டை அது. ஒத்தக்கடையில் சைக்கிள் கடை வைத்திருந்த சின்ன மாமாவுக்கு அறவே பிடிக்காது. ஒருநாள் சாப்பிடும்போது அந்தப் படையை நடத்திய ஜெனரலைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது.

“மேப்ப விரிச்சு உக்காந்திருந்த ஆளுக்கு அங்குன உள்ள பாதை என்னண்ணே தெரியும்?” என்றார் சின்ன மாமா.

“பஞ்சர் ஒட்டுறவனுக்கு அம்புட்டும் தெரியுது. மேல இருந்து உத்தரவு வந்தா அவரு என்னடா செய்வாரு? எங்க சோத்தத்தான் அவரும் தின்னாரு.”

“தின்னா ஆச்சா? அந்த நாலு பேர அனுப்புனாரே, அவரு கூடப் போனாரா?”

பெரிய மாமா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். இனி அவன் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, கிடாயும் வாங்கியாகிவிட்டது.

எனக்கு எட்டு வயது. அப்போதே எதற்கும் முன்கூட்டிக் கவலைப்படுகிற பிள்ளை நான். காதுகுத்தன்று காலை பெரிய மாமா சவரம் செய்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் ஒரு பொய் சொன்னேன்.

“மாமா, ஜெனரல் செஞ்சது சரிதானாம். சின்ன மாமா சொன்னாரு.”

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் பிளேடை இறக்கினார். “அவனா சொன்னான்?” என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும், “அவனா?” பாதி முகத்தில் சோப்பு நுரை அப்படியே காய்ந்தது.

கீழக்குயில்குடியில் மலையடிவாரத்துக் கோயிலுக்கு வந்துவிட்டார். ஒரே ஜமுக்காளத்தில் சின்ன மாமாவின் மடிக்குப் பக்கத்தில் என்னைத் தன் மடியில் வைத்து உட்கார்ந்தார். ஆனால் என்னைப் பிடித்திருந்த கை இரும்பாக இருந்தது. ஆசாரி என் காதில் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

“நீயுமாடா அவரு செஞ்சது சரிங்குற?” என்று பெரிய மாமா சின்ன மாமாவிடம் மெதுவாகக் கேட்டார்.

சின்ன மாமா விழித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

“யாருண்ணே சொன்னது? அந்த ஆளு செஞ்சது தப்புத்தேன். எங்க வேணாலும் சொல்வேன்.”

“பஞ்சர் ஒட்டுற பயலுக்கு என்னடா தெரியும்,” என்றார் பெரிய மாமா. குரலில் கோபமே இல்லை.

அந்த ஜெனரலைத் தன் வாயால் குறை சொல்லப் பட்டாளத்துக்காரரான அவரால் முடியாது. அந்த நாலு பேருக்காகத் தன் தம்பியாவது சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், இது விளங்கவே எனக்குப் பல வருஷம் ஆயிற்று. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், என்னைப் பிடித்திருந்த கை தளர்ந்ததுதான். காது குத்தி முடிந்துவிட்டது என்று நினைத்து மடியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தேன். ஆசாரி அப்போதுதான் ஊசியை எடுத்தார்.