ஈரத் தரையின் படம்

ஆஸ்பத்திரியில் மாப் போட்டுத் தரை துடைக்கும் அவளை எல்லோரும் ‘மாப்பக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருஷமாக மூன்றாம் மாடித் தரை முழுக்க அவள் ராஜ்ஜியம். துடைத்த இடம் காய்வதற்குள் கால் வைத்தால் டாக்டரென்றும் பார்க்க மாட்டாள், கத்தித் தீர்த்துவிடுவாள். பெரிய டாக்டர் ஒருவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரமாக நடந்துபோன கதையை ஆள் கிடைத்தால் போதும், சொல்லிவிடுவாள். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படிப்பட்டவள் வீட்டிலேதான் இந்தக் கூத்து நடந்தது.

புருஷன் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி செய்து, வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றார். கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் பதினோரு எட்டு. “லோடு கெளம்புது, வழி விடு” என்று சொல்லிவிட்டுத்தான் காலெடுத்து வைப்பார். அந்தப் பதினோரு எட்டையும் யார் துணையும் இல்லாமல் நடப்பதில்தான் மனுஷனுக்கு உயிரே இருந்தது. டாக்டரோ கறாராகச் சொல்லியிருந்தார்: “இன்னொரு தடவ விழுந்தா, நடக்கறத மறந்துட வேண்டியதுதான்.”

அதற்காகத்தான் படி வைத்த பழைய பாத்ரூமை இடித்து, அறையோடு சமமாகப் புதுத் தளம் போடச் சொன்னாள். டைல்ஸ் மேஸ்திரி கெட்டவர் இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் மூன்று வீட்டில் வேலை எடுத்தவர். கடைசி நாள் அவசரத்தில், தளத்தின் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வேறொரு வீட்டில் மறந்துவிட்டு வந்து, “கண்ணு மட்டமே போதும்க்கா, எத்தன வருஷ அனுபவம்!” என்று ஒட்டிவிட்டுப் போனார். அவர் கண்ணை என்னவென்று சொல்வது! ஓட்டைப் பக்கம் போக வேண்டிய தண்ணீர், சரிவு வாட்டம் தப்பி, நேராக அறைக்குள் வந்து கட்டிலுக்கு அடியில் குளம் கட்டியது.

போன் செய்தால் “நாளைக்கு வர்றேன்க்கா” என்பார். ஒன்பது மாதத்தில் இரண்டே தடவை எட்டிப் பார்த்தார், மற்றபடி டிமிக்கிதான். ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் அவள் ஓடிவந்து துடைத்தாள். தான் ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரத்தில் புருஷன் கை கழுவினாலே தண்ணீர் அறைக்குள் வந்துவிடுமே என்று வேலைக்கு நடுவில் போன் போட்டு எச்சரிப்பாள். கடைசியில் சிறு வழக்கு மன்றத்துக்குப் போனாள். அங்கே வக்கீல் வேண்டாம், நாமே எழுதிக் கொடுக்கலாம் என்று நர்ஸ் ஒருத்தி சொல்லியிருந்தாள்.

முதல் நாள் விசாரணையில் மேஸ்திரி கைகட்டி நின்று, “ரெண்டு தடவ நேர்ல போய்ப் பாத்தேன் மேடம். சொட்டுத் தண்ணி இல்ல. தர கண்ணாடியாட்டம் இருந்துச்சு” என்றார். பொய் இல்லை. ஆள் வருகிறார் என்றதும் அவள்தான் துடைத்து வைத்திருந்தாள்.

நீதிபதி அம்மா அவள் போனை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒன்பது படம். ஒன்பதிலும் தரை பளபளவென்று காய்ந்து கிடந்தது.

“இதுல தண்ணி எங்கம்மா?”

“தொடச்சிட்டேன் மேடம்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. “தண்ணி நிக்கிற மாதிரி படம் கொண்டு வாங்க. ரெண்டு வாரம் தர்றேன். இல்லேன்னா நான் வழக்க முடிச்சிடறதத் தவிர வேற வழியில்ல.”

ரெண்டு வாரமும் அதே கதைதான். தண்ணீரைப் பார்த்ததும் போனுக்குப் போக வேண்டிய கை துணிக்குப் போனது. துடைத்து முடித்த பிறகுதான் மண்டையில் உறைக்கும். தன் கையைத் தானே நொந்துகொண்டு அழுதாள்.

கெடுவுக்கு முந்தின நாள் லீவு போட்டாள். துடைக்கிற துணிகளையெல்லாம் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்து, குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சாவகாசமாக அறைக்குள் வந்தது.

“ஏங்க, காலக் கீழ வெச்சிடாதீங்க. படம் எடுத்துடறேன்.”

“சரிம்மா, நான் எங்க ஓடப் போறேன்?” என்றார் கட்டிலில் உட்கார்ந்தபடி.

போனை நீட்டினாள். இடமில்லை, பழையதை அழி என்றது. கண்ணாடி சமையலறையில் இருந்தது. அங்கே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

மறுநாளைக்காக எடுத்து வைத்த வழக்குக் காகிதப் பை கட்டிலோரம் தரையில் இருந்தது. தண்ணீர் அதை நோக்கிப் போவதைப் பார்த்தவர், அவளைக் கூப்பிட்டிருக்கலாம். பாவி மனுஷன், இந்த ஒரு வேலையாவது அவளுக்காகச் செய்வோம் என்று எழுந்து குனிந்துவிட்டார்.

சத்தம் கேட்டு ஓடி வந்தாள். வாக்கர் ஒரு மூலையில். அவர் தண்ணீரில் பக்கவாட்டாகக் கிடந்தார். ஒரு கை மட்டும் காகிதப் பையை உயரத் தூக்கிப் பிடித்திருந்தது. முந்தானையை உருவித் தரையைத் துடைக்கக் குனிந்தாள்.

“தொடைக்காத!” வலியில் பல் கிட்டித்துப்போன வாயோடு கத்தினார். “மொதல்ல படத்த எடு.”

“ஐயோ, என்ன பேசறீங்க...”

“எடுடி! இல்லேன்னா விழுந்ததும் வீணாப் போயிடும்.”

எடுத்தாள். ஆயுசில் ஒருநாளும் தன்னை அவள் அவ்வளவு வெறுத்ததில்லை.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அன்று ராத்திரியே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் தங்கச்சியை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு மன்றத்துக்குப் போனாள். நீதிபதி அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“ஓரத்துல தெரியறது யாரோட கை?”

“எங்க வீட்டுக்காரரோடது மேடம். விழுந்து கெடக்கறப்ப எடுத்தேன்.”

“விழுந்தவரத் தூக்காம படமா எடுத்தீங்க?” என்று கேட்டுவிட்டார் மேஸ்திரி. கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அவர்தான் எடுக்கச் சொன்னாரு. தண்ணியத் தெறந்து விட்டது நான். தொடைக்கிற துணியெல்லாம் பக்கத்து வீட்ல குடுத்ததும் நான்தான். அதையும் எழுதிக்குங்க மேடம்.”

அதையும் எழுதிக்கொண்டார்கள். பிறகு நீதிபதி தீர்ப்பைச் சொன்னார். முப்பது நாளுக்குள் மேஸ்திரி தன் செலவில் தளத்தைப் பெயர்த்து, சரியான வாட்டத்தில் போட்டுத் தர வேண்டும். அவள் எழுதிக் கேட்டது அவ்வளவுதான். அது அப்படியே கிடைத்தது.

வெளியே படிக்கட்டில் மேஸ்திரி பின்னாலேயே வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

“அண்ணன் இப்ப எப்படிக்கா இருக்காரு?”

“படுத்திருக்காரு. இனிமே அப்படித்தானாம்.”

“முப்பது நாளெல்லாம் வேணாம்க்கா. நாளைக்கே வர்றேன். ரசமட்டம் வெச்சு, ஒவ்வொரு கல்லா நானே நின்னு போட்டுத் தர்றேன். சொட்டுத் தண்ணி வெளிய வராது.”

அவள் நின்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை.

“யாருக்குப்பா?” என்றாள்.

நாலு மணிக்குப் புருஷனைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், தங்கச்சியால் தனியாக முடியாது. அவள் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.