எண்ணெய் வுட்டுக் கெடுத்த கேமரா

போன ஆடி மாசம், பிள்ளையார்பாளையத்துல இருக்குற என் தையல் மெஷின் ரிப்பேர் கடையில நடந்தது. நான் ஆறாவதோட படிப்பை நிறுத்தினவன். அதுல என்னைவிட வாத்தியாருக்குத்தான் சந்தோஷம் ஜாஸ்தி.

பக்கத்துல தாமல் ஊர்ல இருந்து ஒரு அம்மா, அறுவது வயசு இருக்கும், ரிப்பேர்னு போர்டுல இருக்கறதப் பார்த்துட்டு பழைய பிலிம் கேமரா ஒண்ணு எடுத்துக்கினு வந்தாங்க. செத்துப்போன வூட்டுக்காரரோடது. பட்டனை அமுக்கினா ஷட்டர் பாதி திறந்து நின்னுடுது.

“இப்போ பிலிமுக்கு எங்கம்மா போவீங்க? இத்த வச்சி இன்னா பண்ணப்போறீங்க?”ன்னேன்.

“போட்டோ வேணாம் தம்பி. சத்தம் வேணும்.”

பிலிம் வாங்க வசதி இல்லாதப்பவும் அவரு வெறும் கேமராவ இவங்களுக்கு நேரா புடிச்சி போட்டோ எடுக்குற மாதிரி கிளிக் அடிப்பாராம். ஷட்டர் ஒரு செகண்டு திறந்து மூடுற மாதிரி வச்சி அமுக்கினா ‘சர்ர்ர்... டக்’னு வருமாம். அதை ஒருவாட்டி கேட்டாப் போதும்னாங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் எண்ணெய். முன் லென்சக் கழட்டி நாலு சொட்டு வுட்டேன். இருந்த அரை உசுரும் போச்சு. ஷட்டர் தகடெல்லாம் எலையில ஒட்டுன அல்வா மாதிரி ஒட்டிக்கிச்சு. அந்தம்மா ரெண்டுவாட்டி வந்தாங்க. “பார்ட்டு வரணும்மா”ன்னு ரெண்டுவாட்டியும் புளுகுனேன். மூஞ்சி வாடிப்போய் பஸ் ஏறுனாங்க.

எதிர்க்கடை வாட்ச் ரிப்பேர்காரன் என் கூட்டாளி. பார்த்துட்டு, “கோயில் யானை தும்முனாக்கூட எண்ணெய் வுடுவடா நீ. இந்தத் தகடு காஞ்சி இருந்தாதான் ஓடும். பெட்ரோல் தொட்டுத் தொடைச்சி எடு”ன்னான்.

அஞ்சு தகடு, ஒவ்வொண்ணும் மீன் செதில் கனம். காது குடையுற பட்ஸுல பெட்ரோல் தொட்டுத் தொடைச்சேன், காய வச்சேன், அமுக்கினேன். திரும்பவும் ஒட்டிக்கிச்சு. மூணு நாளு இதே பொழப்பு. நாலாம் நாள் மத்தியானம் ‘சர்ர்ர்... டக்’.

போன் போட்டேன், வந்தாங்க. நான் கெடுத்ததையும் சொல்லிட்டேன். திட்டல. கேமராவ வாங்கவும் இல்ல. ஸ்டூல்ல உட்கார்ந்து, முந்தானையச் சரி பண்ணிக்கினு, “நீயே அடி தம்பி”ன்னாங்க.

அடிச்சேன். லென்சப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சாங்க பாரு, சத்தியமா அது எனக்குச் சேர வேண்டியது இல்ல. “இன்னொருவாட்டி”ன்னாங்க. எத்தினிவாட்டி அடிச்சேன்னு எண்ணல.

என் போன்ல வூட்டுக்காரி போட்டோ ஏகத்துக்கும் கெடக்குது, ஒண்ணுலயும் அவ அப்பிடிச் சிரிக்கல. அவ அப்பிடிச் சிரிக்கிற மாதிரி நான் அவள என்னிக்குப் பார்த்தேன்?