மார்லிஸிடம் சாவி இல்லாத பெட்டி

மார்லிஸ் பிரெக்கி வாயில் பூட்டோடு பிறந்தவள் என்று ஹாஃப்டனில் கேலி பேசுவார்கள். வடக்கு டகோட்டாவில் எழுநூறு பேர் வாழும் ஊர்; ஒருத்தர் தும்மினால் நாலு தெரு தள்ளிக் கேட்கும். அந்த ஊரின் ஒரே கிளினிக்கில், எழுநூறு பேரின் மருத்துவக் கோப்புகளும் இருக்கும் அறைக்குப் பதினாறு வருடமாக அவள்தான் காவல். சாவி கழுத்துக் கயிற்றில் தொங்கும். கம்ப்யூட்டர் திரை சுவரைப் பார்த்துத்தான் இருக்கும். தரை துடைக்க வருகிறவள் துடைத்து முடிக்கும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். டாக்டர் ஹல்வர்சன் ஒருநாள் ஒரு கோப்பை மேசையில் போட்டுவிட்டுக் காபி எடுக்கப் போனார். திரும்பி வந்தால் கோப்பு உள்ளே போய்ப் பூட்டியாகிவிட்டது. மனிதர் கையெழுத்துப் போட்டுத்தான் திரும்ப வாங்கினார்.

மளிகைக் கடையில் எதிர்ப்படுகிறவர்களிடம் பனியைப் பற்றிப் பேசுவாள், மீன்பிடியைப் பற்றிப் பேசுவாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் வாய் தவறிக்கூடக் கேட்கமாட்டாள். கோப்பைப் பார்த்துவிட்டுக் கேட்கிறாளோ என்று யாருக்கும் தோன்றிவிடக் கூடாதாம். திமிர் பிடித்தவள் என்று சிலர் சொல்வார்கள். அவள் புருஷன் ஆர்டன் அதைக் கேட்டுச் சிரிப்பான்.

ஐந்து வாரமாக ஆர்டன் சிரிக்கவில்லை.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை, மார்லிஸுக்கு விடுமுறை நாள் பார்த்து, அவன் பின்வாசல் வழியாக டாக்டரிடம் போனான். சிறுநீரில் ரத்தம். வலது சிறுநீரகத்தில் கட்டி என்று படம் காட்டியது. ஃபார்கோ நகர ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்தாகிவிட்டது. "மார்லிஸ்கிட்ட நீயே சொல்லிடு. என் மூலமா அவளுக்குத் தெரியவராது" என்றார் டாக்டர். ஆர்டன் நம்பவில்லை. பூராக் கோப்பும் அவள் கையில். அதில் புருஷன் கோப்பு மட்டும் கண்ணில் படாமலா போகும்? படித்திருப்பாள், இன்றைக்குக் கேட்பாள், நாளைக்குக் கேட்பாள் என்று காத்திருந்தான். அவளோ உருளைக்கிழங்கை அவன் தட்டில் வைத்துவிட்டுப் பனி எத்தனை அங்குலம் என்று பேசினாள். தெரிந்தும் கேட்காமல் இருக்கிறாளே, இவளுக்கு நெஞ்சா கல்லா என்று அவனுக்குள் புகைந்தது. பயமும் இருந்தது. சொல்லவும் முடியவில்லை. இப்படியே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. திங்கட்கிழமை அறுவை சிகிச்சை.

அன்று மதியம் குளிர் பூஜ்யத்துக்கு முப்பது டிகிரி கீழே. கிளினிக்கில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. ஊரின் தீயணைப்புப் படை என்றால் சம்பளமில்லாத பன்னிரண்டு பேர். ஆர்டனும் அதில் ஒருவன். ஓடிப்போய்ப் பார்த்தால் கோப்பறை வாசலில் மார்லிஸ் இரண்டு கையையும் விரித்து நிற்கிறாள். கணுக்கால் வரை தண்ணீர்.

"தள்ளும்மா, எல்லாம் ஊறிப் போகுது!" என்றான் படைத்தலைவன் டுவேன்.

"ஃபைல்ல பேரு எழுதியிருக்கு டுவேன். நீங்க பன்னெண்டு பேரும் படிக்கத் தெரிஞ்சவங்க. நானும் நர்ஸ் ஜோனியும் பெட்டில போட்டு ஒட்டித் தர்றோம். ஒட்டின பெட்டிய மட்டும் தூக்குங்க."

"நல்லா இருக்கே! வீடு பத்திக்கிட்டாலும் இப்படித்தான் எங்கள வரிசைல நிக்க வைப்பியா?"

"பத்திக்கிட்டா வேற. இது தண்ணி. கீழ்த்தட்டுதான் நனையும், அத முதல்லயே மேல ஏத்திட்டேன். பேசாம நில்லு."

பன்னிரண்டு தடிமனிதர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசையில் நின்றார்கள். அவளும் ஜோனியும் கோப்புகளைப் பெட்டியில் போட்டுப் போட்டு ஒட்டினார்கள். ஒரு பெயர் வெளியே தெரியவில்லை. எழுபத்தோரு பெட்டி. எல்லாவற்றையும் தெருவுக்கு எதிரே இருந்த வங்கியின் இரும்பறையில் வைத்துப் பூட்டி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். ஊரில் சிலர் இவளைத் திமிர் பிடித்தவள் என்கிறார்கள். அந்த ஊரின் மானத்தைத்தான் ஈரக் காலோடு நின்று காப்பாற்றுகிறாள் என்று ஆர்டனுக்குத் தோன்றியது. இத்தனை வருடம் கூட இருந்தும் இவளை வேலையில் பார்த்ததே இல்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

கடைசியாகக் கோப்பறை மூலையில் ஓர் இரும்புப் பெட்டி மிச்சம். தண்ணீர் அதன் விளிம்பைத் தொட்டுவிட்டது.

"இதத் திறந்து உள்ள இருக்கறத எடு, சீக்கிரம்" என்றான் டுவேன்.

"சாவி என்கிட்ட இல்ல. டாக்டர்கிட்ட இருக்கு. அவர் ஃபார்கோ போயிருக்கார்."

"உள்ள என்னதான் இருக்கு?"

"தெரியாது."

"பதினாறு வருஷமா இங்கயே உக்காந்திருக்க, உனக்கே தெரியாதா?"

"இங்க வேலை செய்யறவங்க வீட்டு ஃபைலு எல்லாம் இதுலதான். எங்க வீட்டுதும். நான்தான் கேட்டு வாங்கி வெச்சேன், வேலைக்குச் சேர்ந்த முதல் மாசமே. என் வீட்டு ஆளு காகிதத்த நான் எதுக்குப் பாக்கணும்? சொல்லணும்னா அந்த ஆளே சொல்லட்டும்."

ஆர்டனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஐந்து வாரமாக அவன் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தது இந்தப் பெட்டியைத் திறந்தே பார்க்காதவளைத்தான். அவள் குனிந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். அவன் மறுபக்கத்தைப் பிடித்தான். அவன் உயிரைப் பற்றிய சேதியை அவள் நெஞ்சோடு அணைத்துத் தூக்குகிறாள். என்ன தூக்குகிறோம் என்று அவளுக்கே தெரியாது. அப்படியொரு மனுஷியை அவன் அதுவரை கண்டதில்லை.

"மார்லிஸ், இதுக்குள்ள என்னோட..."

அவள் ஈரக் கையுறையோடு அவன் வாயைப் பொத்தினாள். "இங்க வேண்டாம். ஆளுங்க நிக்கறாங்க."

பெட்டியை வங்கியில் வைத்தார்கள். அவள் நேராக அவன் வண்டிக்குப் போய் ஏறினாள். கண்ணாடி மூடியிருக்கிறதா என்று பார்த்தாள். அவன் மறுபக்கம் ஏறியதும் கதவைப் பூட்டினாள். ரேடியோவை அணைத்தாள்.

"இப்ப சொல்லு."

சொன்னான். ரத்தம், கட்டி, திங்கட்கிழமை, எல்லாம். அவள் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அஞ்சு வாரமா?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"நீ படிச்சிருப்பேன்னு நெனச்சேன். தெரிஞ்சும் பேசாம இருக்கியேன்னு..."

அவள் ஈரக் கையுறையைக் கழற்றி அவன் தோளில் ஓங்கி அடித்தாள். இன்னொரு தடவையும் அடித்தாள். பிறகு அழுகையில் குரல் உடைந்து கேட்டாள்:

"தெரிஞ்சிருந்தா உனக்கு உருளைக்கிழங்கு வெச்சிட்டு நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்னா நெனச்ச?"