பார்க்காமல் விட்ட கடைசிச் சாளரம்

பவுனம்மாவின் பெயர் பதிவேட்டில் இருந்தது. இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டவன் நான்.

சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் எழுந்து போனாலும் போகலாம்.

முப்பது ஆண்டுகள் அரசாங்க மேசையில் இருந்தவன். கையொப்பம் கோட்டைத் தாண்டினால் மனுவையே திருப்பி அனுப்பியவன். எந்தப் பாரத்துக்கு எத்தனை நகல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஓய்வுபெற்ற பின் பொழுதுபோகாமல் கணினி நிரல் எழுதக் கற்றேன். அங்கே பிடித்தது வினை!

பத்து காஜா ஊர்ப் பக்கம் மூடிப்போன ஒரு ரப்பர் தோட்டத்தின் பிறப்புப் பதிவேட்டை, குனோங் ராபாட் தேவாலயத்துத் தொண்டர்கள் தட்டச்சு செய்து தந்தார்கள். எல்லாப் பக்கங்களையும் ஒரே நீண்ட எழுத்துச் சரமாகக் கோத்தேன். தேடும் பெயரின் நீளத்துக்கு ஒரு சாளரம். சரத்தின்மேல் அதை வைத்து, உள்ளே தெரிவது அந்தப் பெயர்தானா என்று பார்ப்பது. இல்லையென்றால் ஓர் எழுத்து நகர்த்துவது. அவ்வளவுதான். முதலில் தேடிய நால்வரின் பெயர்களும் கிடைத்தன. எனக்குக் கால் தரையில் இல்லை!

ஐந்தாவதாக வந்தவள் பவுனம்மா. சிம்பாங் பூலாயில் ஓர் உணவுக்கடையில் பாத்திரம் கழுவுகிறாள். அறுபதைத் தாண்டியும் கையில் சிவப்பு அடையாள அட்டை; பிறந்த நாட்டிலேயே குடியுரிமை இல்லை. பிறந்த ஆண்டும் சரியாகத் தெரியாது. அந்தத் தோட்டத்தில் பிறந்ததற்கு ஒரு வரி ஆதாரம் கிடைத்தால் குடிமக்களுக்கான நீல அட்டைக்கு வழி உண்டு.

நிரல் இல்லை என்றது.

"நல்லாப் பாத்தீங்களா அண்ணே? அந்தத் தோட்டந்தான்னு எங்கம்மா சொன்னாங்க லா."

"கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா" என்றேன்.

நடைமுறை கேட்கிறதே என்று, பதிவு இல்லை எனப் பிழையற்ற மலாய் மொழியில் கையெழுத்திட்டு ஒரு கடிதத்தையும் அவள் மனுவோடு இணைத்தேன். மனு நிராகரிக்கப்பட்டது.

சென்ற மாதம், தேவாலயத்தில் நிரலை விளக்கிப் பெருமையடிக்க ஒரு சின்ன உதாரணம் எடுத்தேன். IPOH என்ற எங்கள் ஊர்ப்பெயரின் நான்கு எழுத்தில் OH இருக்கிறதா என்று தேடச் சொன்னேன். IP பார்த்தது. PO பார்த்தது. OH-ஐப் பார்க்காமலே நின்றுவிட்டது!

நான்கு எழுத்தில் தேடும் இரண்டைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் மூன்று சாளரங்கள். அந்த ஒன்றை நான் கூட்டவில்லை. என் நிரல் ஒருநாளும் கடைசிச் சாளரத்தைப் பார்த்ததே இல்லை...

திருத்தி ஓட்டினேன். பதிவேட்டின் கடைசி வரி, கடைசிப் பெயர்: பவுனம்மா. தோட்டம் மூடப்படுமுன் அங்கே பிறந்த கடைசிக் குழந்தை. அவ்வளவு பெரிய பதிவேட்டில் என் பிழை தொடக்கூடியது ஒரே ஒருத்தியைத்தான்... தொட்டுவிட்டது!

மறுபடி மனுச் செய்யலாம். எந்தப் பாரம் என்று எனக்கா தெரியாது? ஆனால் அன்று இல்லாத பெயர் இன்று எப்படி முளைத்தது என்று கேட்பார்களே... என் கையெழுத்தை என்னிடமே நீட்டுவார்களே! நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு மாதம். இதற்கு என்ன பெயர்? கூச்சமா? கயமையா? வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றாலே அவளோ என்று பின்கட்டுக்குப் போய்விடுகிறேன்.

நேற்றுச் சந்தையில் எதிரே வந்துவிட்டாள். அவள் பெயர் உள்ள தாளை அச்செடுத்துச் சட்டைப்பையில்தான் வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"மனசுல வச்சிக்காதீங்க அண்ணே. நீங்க என்னா செய்வீங்க? எங்கம்மாதான் பொய் சொல்லிட்டாங்க போல. யாரு பெத்த பிள்ளையோ நானு... இந்த வருசம் அவங்களுக்குப் படையல்கூட வைக்கல."

நான் தலையாட்டினேன். இருக்கலாம் என்பதுபோல.