ஆயாக்களின் பிள்ளைகள்

என் கணவர் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், நான் பக்கத்து ஊரிகத்தில் ஒரு துரை வீட்டில் ஆயாவாகப் போனேன். வேலூர்ப் பக்கத்து மிஷன் பள்ளியில் நான்கு வகுப்பு படித்தவள் நான். இங்கிலீஷ் பேச வராது, மெதுவாகச் சொன்னால் புரியும். நான் நல்லவள், சுத்தமானவள் என்று எங்கள் பாதிரியார் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டில் எனக்கு ஒன்றேகால் வயதில் ஒரு மகள் இருப்பதை அவர் எழுதவில்லை. நானும் சொல்லவில்லை. கைக்குழந்தைக்காரி என்று தெரிந்தால் எந்தத் துரைசாணியும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார் என்று நாங்கள் குடியிருந்த சுரங்கத் தொழிலாளர் லைனில் எல்லாரும் சொன்னார்கள்.

துரைசாணிக்கு ஏறக்குறைய என் வயசுதான். சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாதவர். அவருடைய பெண் குழந்தைக்கு ஒன்றரை வயசு. அதை எல்லாரும் பேபி என்றே கூப்பிட்டோம். பேபிக்குச் சாப்பாடு என்றாலே ஆகாது. கூவைக்கிழங்குக் கஞ்சியை ஒரு வாய் வாங்கி, என் மேல் துப்பிவிட்டு, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்கும். காலையில் அதை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் இருந்த ஒரு புங்கமரத்தடிக்குப் போவேன். சுற்றுப் பங்களாக்களின் ஆயாக்கள் எல்லாரும் அந்த நேரத்துக்கு அங்கே வந்துவிடுவார்கள். நான் புதிது என்பதால் கொஞ்சம் தள்ளியே உட்காருவேன்.

என் மகளைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டுப் போவேன். பாவம், அவளுக்கும் ஆயிரம் வேலை. ஒருநாள் அவள் தண்ணீருக்குப் போயிருந்த சமயத்தில் குழந்தை தவழ்ந்தும் நடந்தும் லைனைத் தாண்டி, மாட்டுவண்டிகள் போகும் பாதைக்கே போய்விட்டது. ஒரு வண்டிக்காரர் இறங்கித் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்து சேர்த்திருக்கிறார். குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. சாயங்காலம் நான் வந்தபோது எல்லாரும் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நான்தான் அன்றைக்கு அடுப்புகூடப் பற்றவைக்காமல், குழந்தையை மடியை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் புங்கமரத்தடியில் ஒரு ஆயா எழுந்து என்னிடம் வந்தாள். பூதிகோட்டையைச் சேர்ந்தவள். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவாள், வாய் ஓயாது. நாங்கள் அவளைப் பூதிகோட்டைக்காரி என்றே சொல்வோம்.

"இன்னாக்கா, பேபி தொப்பி முன்ன பின்ன மாறிக் கீது?" என்றாள்.

பார்த்தேன். தொப்பியின் விளிம்பு பேபியின் பிடரியில் இருந்தது. அதைச் சரிசெய்யப் போன நான் அப்படியே அழுதுவிட்டேன். அவள் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னேன். மற்ற ஆயாக்களும் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார்கள். அப்போதுதான் தெரிந்தது, அங்கே இருந்த ஆறு பேரில் பூதிகோட்டைக்காரியைத் தவிர ஐந்து பேருக்கும் சின்னக் குழந்தை இருந்தது. ஒருத்தி அவளுடைய பையனைத் தொட்டிலில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வருகிறாள். ஒருத்தி எட்டு வயது மகளைக் காவல் வைத்துவிட்டு வருகிறாள். எல்லாருமே என்னைப்போல வாயைத் திறக்காமல்தான் இருந்திருக்கிறார்கள்.

பூதிகோட்டைக்காரி கொஞ்சம் யோசித்தாள். "எங்க தொரை குடும்பம் இந்த வாரம் சீமைக்குப் போவுது. வேற எடம் கெடைக்கிற வரைக்கும் நான் வூட்லதான் கீறேன். அல்லாப் புள்ளைங்களையும் எங்கிட்ட உட்டுட்டுப் போங்க" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை முதல் அப்படியே நடந்தது. அவள் வீடு எங்கள் லைனில் கடைசி வீடு. பின்னால் காலி இடம், ஒரு வேப்பமரம். ஆளுக்கு ஒரு பிடி கேழ்வரகு மாவோ அரிசியோ கொண்டுபோய்க் கொடுப்போம். மரத்தில் இரண்டு, உள்ளே விட்டத்தில் மூன்று என்று புடவைத் தூளிகள் ஆடும். தங்கம் எடுக்கக் கல்லை இடித்துப் பொடியாக்கும் மில்லின் சத்தம் நாள் முழுக்கத் திம் திம் என்று கேட்கும், அந்தச் சத்தத்திலேயே பிள்ளைகள் தூங்கிப்போவார்கள். ஒருநாள் மில்லைப் பழுதுபார்க்க நிறுத்தியபோது ஐந்தும் ஒரே நேரத்தில் எழுந்து அலறியதாம். அதைப் பூதிகோட்டைக்காரி நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைத்தாள்.

இப்படிப் போன இரண்டு மாதமும் எனக்கு வேலை வேலையாகவே தெரியவில்லை. பிறகு அவளுக்குப் புது இடம் கிடைத்தது. என் துரை வீட்டுக்கு அடுத்த பங்களா, நல்ல இடம். அவள் போகமாட்டேன் என்றாள். நாங்கள் போகத்தான் வேண்டும் என்றோம். இதைப் பேசிப் பேசி மூன்று நாள் காலை போய்விட்டது.

வழி சொன்னவள் எங்களில் மிகவும் உயரமான ஒருத்தி. பட்டாளம் தங்கும் பெங்களூர் தண்டில் துரைகள் வீட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். "ஆறு பேர் கீறோம். ஞாயித்துக்கெழமை போவ வாரத்துல ஆறு நாள். ஆளுக்கு ஒரு நாள் வூட்ல இருந்தா அல்லாப் புள்ளைங்களையும் பாத்துக்கலாம்" என்றாள்.

சொல்வது சுலபம். வாரத்தில் ஒரு நாள் வரமாட்டேன் என்று துரைசாணியிடம் யார் கேட்பது? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான்கு வகுப்பு படித்தவள் என்பதுதான் காரணம்.

அன்று மத்தியானம் பேபி தூங்கியதும் துரைசாணி முன்னால் போய் நின்றேன். காலையிலிருந்து மனப்பாடம் செய்த இங்கிலீஷ் வாக்கியம் மறந்துபோய்விட்டது. தமிழிலேயே சொன்னேன். அவருக்கு எங்கள் தமிழ் ஓரளவு புரியும்.

"தொரசாணிம்மா, எனக்கு ஒரு பொண்ணு கீது. பேபியைவிடச் சின்னது. நான் உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

தையல் வேலையைக் கீழே வைத்தார். இவ்வளவு நாளும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அது எங்கே இருந்தது என்று கேட்டார். வண்டிப்பாதை முதல் வேப்பமரம் வரை எல்லாவற்றையும் சொல்லி, வாரத்தில் ஒரு நாள் லீவும் கேட்டேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் அவர், நாளைக்கு அந்த இடத்தை எனக்குக் காட்டு என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் துரைசாணி பேபியோடு எங்கள் லைனுக்கு வந்தார். தூங்கிக்கொண்டிருந்த ராத்திரி ஷிப்ட்டுக்காரர்கள்கூட எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். புது வேலைக்கு இன்னும் போகாத பூதிகோட்டைக்காரி, வேப்பமரத்தடியில் ஐந்து பிள்ளைகளையும் வட்டமாக உட்காரவைத்து ஒரே கிண்ணத்திலிருந்து வரிசையாகக் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பேபி வண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்று அடம்பிடித்தது. இறக்கிவிட்டதும் நேரே போய் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தது.

பூதிகோட்டைக்காரி துரைசாணியைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். பேபி ஒரு வாய் வாங்கியது. விழுங்கியது. அடுத்த வாய்க்கு அதன் முறை வருமுன் என் மகளைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தது. என் மகள் அதன் தொப்பியைப் பிடித்து இழுத்தாள். துரைசாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரித்து முடித்ததும் சரியான கேள்வியைத்தான் கேட்டார்: நீ வராத நாளில் என் பிள்ளையை யார் பார்ப்பது? அதற்குப் பதிலை நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம். "பக்கத்துப் பங்களாவுக்கு வரப்போற ஆயா இவங்கதான்மா. அன்னிக்கு ரெண்டு புள்ளையும் இவங்க பாத்துப்பாங்க. அவங்க நாள்ல நான் பாத்துக்கறேன். எங்கள்ல ஒருத்திக்குக் காய்ச்சல்னா இன்னொருத்தி வருவா. உங்க வூடு ஆயா இல்லாம ஒரு நாளும் இருக்காது" என்றேன்.

இதுவரை எந்தப் பங்களாவிலும் கிடைக்காத சௌகரியம் அது. துரைசாணி எனக்குப் புதன்கிழமையைக் கொடுத்தார். மற்றத் துரைசாணிகளிடம் தேநீர் வேளையில் அவரே பேசினார். நான்கு பேர் சம்மதித்தார்கள். ஒரு துரைசாணி மட்டும், ஆயாக்கள் கூட்டம் சேர்வதே தப்பு என்று சொல்லி மறுத்துவிட்டார். அவர் வீட்டு ஆயா தலைகுனிந்துகொண்டு புங்கமரத்தடிக்கு வந்தாள். அவள் முறையான சனிக்கிழமையை மற்ற ஐந்து பேரும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். அவள் பையன் ஒருநாளும் தனியாக இருக்கவில்லை.

என் முதல் புதன்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. ஒரு பேபியைப் பார்ப்பவளுக்கு ஐந்து குழந்தைகள் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். ஒன்றைக் குளிப்பாட்டி நிமிர்வதற்குள் முன்பு குளித்தது மண்ணில் புரண்டிருக்கும். காலை ஷிப்ட் முடிந்து, கேஜ் என்ற சுரங்கக் கூண்டில் ஏறி மத்தியானம் மேலே வந்த என் கணவர், வீட்டில் நான் இல்லாததால் தேடிக்கொண்டு பூதிகோட்டைக்காரி வீட்டு வேப்பமரத்தடிக்கு வந்தார். கைகால் கழுவிக்கொண்டு இரண்டு நிமிஷம் மரத்தடியில் படுக்கிறேன் என்றார். ஐந்தும் அவர் மேல் ஏறிக்கொண்டன. சற்று நேரத்தில் அவரும் தூங்கிவிட்டார், அவர்களும் தூங்கிவிட்டார்கள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மழைக்காலத்தில், மறுத்த துரைசாணியின் ஆயாவுக்குக் காய்ச்சல் வந்தது. அவளுக்குப் பதிலாக அந்த வீட்டுக்குப் போகலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம்கூட நடந்தது. கடைசியில் தண்டிலிருந்து வந்தவள், யாரையும் கேட்காமல் அந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். அவள் வேலை பார்த்த வீட்டுக் குழந்தையையும் எங்களில் ஒருத்தி சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். பத்து நாள் அவள்தான் அங்கே இருந்தாள். காய்ச்சலில் கிடந்தவள் உடம்பு தேறித் திரும்பிப் போனபோது, அந்தத் துரைசாணி அவளிடம் காரணம் எதுவும் சொல்லாமல், இனிமேல் சனிக்கிழமை நீ வரவேண்டாம் என்றிருக்கிறார். அவள் வேலையே போய்விட்டது என்று பயந்து அழுதுகொண்டே ஓடிவந்தாள். சனிக்கிழமை மட்டும்தானே சொன்னார் என்று நாங்கள் விளக்கிச் சொன்ன பிறகுதான் மூக்கைச் சிந்திவிட்டுச் சிரித்தாள்.