வடசேரிக் கயிறு

நான். தங்கை யோகம். துணிக்கடை வீட்டு றபீக். வாகரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த வேதக்காரப் பிள்ளை ஸ்டெல்லா. அன்று வடசேரிக் கயிற்றில் நின்றது இவ்வளவு பேர்தான். புதுத் தும்புக் கயிறு. உள்ளங்கை எரிந்தது இன்னும் தெரிகிறது.

எங்கள் பகுதியில் கண்ணகையம்மனுக்குக் கொம்பு விளையாட்டு உண்டு. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாய் நிற்கும். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி இழுப்பார்கள். கொம்பு முறிந்த பக்கம் தோற்ற பக்கம். பெரியவர்களுடையது கோயிலடியில், பிள்ளைகளுடையது வீடுகளுக்கு நடுவே போகும் ஒழுங்கை மணலில்.

சண்டைக்குள் ஊர் கலைந்தது. திரும்பி வந்தபோது வடசேரி வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. ஒன்றில் றபீக்கின் குடும்பம், ஒன்றில் ஸ்டெல்லாவின் குடும்பம். வடசேரிப் பிள்ளைகளில் மிஞ்சியது நானும் யோகமும். இழுக்க ஆளில்லாத சேரி "செத்த சேரி" என்பது பெரியாக்களின் சொல். "உங்கட சேரியக் கட்டி வள்ளத்தில ஏத்துங்கடி" என்றான் தென்சேரி ரஞ்சன்.

யோகம் போய் அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டி வந்தாள். ரஞ்சன் விடவில்லை. இதுகளின் தகப்பன்மார் வந்தான் வரத்தான், இதுகளுக்கு ஏது சேரி என்றான்.

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்தான் கலியாணம் முடித்துப் பெண்வீட்டுக்கு வருவான். யோகம் அதைப் பிடித்தாள்.

"உன்ட அப்பா எங்கால? சித்தாண்டியால. எங்கட அப்பா பழுகாமத்தால. எல்லாரும் மாப்பிள்ளையா வந்துதானே கயிறு புடிச்ச?"

"அப்ப இவனும் மாப்பிள்ளையாவா வந்த?"

"இப்ப கயிறு புடிக்கட்டும். மறுகா பாப்பம்."

றபீக் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த வாயால் ரஞ்சனுக்கு மறுக்க முடியவில்லை.

அவர்கள் ஏழு பேர். எங்கள் கொம்பு, றபீக் கடைக்குப் பின்னால் விறகுக்குள் தேடி எடுத்த காய்ந்த புளியங்கவர். இழுக்கத் தொடங்கியதும் மணலில் கால் நிற்கவில்லை, சரசரவென்று போனோம். ஸ்டெல்லா ஓடிப்போய், வள்ளம் கட்டுகிற மாதிரி, கயிற்று முனையைத் தென்னையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். கூடாதென்று முன்பு எவரும் சொல்லியிருக்கவில்லை. கயிறு நின்றது. அவர்கள் இழுத்தார்கள், இழுக்க இழுக்க அவர்களுடைய கொம்புதான் முனகியது, பிறகு வெடித்தது.

எங்கள் கொம்பைத் தூக்கிக்கொண்டு கோயிலடி, மாதா கோயில், பள்ளிவாசல் சந்தி எல்லாம் சுற்றினோம். றபீக்கின் வாப்பா கடையிலிருந்து இறங்கி வந்து, சிவப்புத் துணி ஒரு முழம் கிழித்துக் கொம்பில் கட்டினார்.

"வடசேரியா?" என்று கேட்டார்.

"ஓம் வாப்பா" என்றான் றபீக்.

இப்போது ஒழுங்கையில் மணல் இல்லை, கொங்கிறீட். அந்தத் தென்னை இல்லை. ரஞ்சன் வெளிநாட்டில். றபீக் மாப்பிள்ளையாக ஏறாவூருக்குப் போய்விட்டான். அவன் தங்கையின் பிள்ளைகள் இங்கே. ஸ்டெல்லாவின் மகள் கயிற்று முனையில் நிற்பவள். "செத்த சேரி" என்று சொல்ல இன்று ஆள் இல்லை.

இந்த வருசம் வடசேரிக் கயிற்றில் நின்ற பிள்ளைகளை எண்ணினேன்.

முப்பத்தொன்று.