தண்ணீர் ஏறிய மணல் பாதை

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, நானும் என் கணவரும் முதன்முறையாக ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவர் மைசூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் ஊட்டி என்றேன். அவர் அந்தமான் என்றார்.

"தண்ணின்னா எனக்குப் பயம்னு தெரியுமில்ல?"

"தண்ணிக்குள்ளயா போகப்போறோம்? பாக்கத்தானே போறோம்" என்று சிரித்தார்.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவசரப் பிரிவில் இருந்த வருஷங்களில், காவிரியிலிருந்து தூக்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பிக்னிக் போனவர்கள். விரல்களின் தோல் சுருங்கி வெளுத்திருக்கும். கூட வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையேதான் சொல்வார்கள்: "இப்பத்தான் சிஸ்டர், பக்கத்துலதான் நின்னுட்டிருந்தான்."

சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள். நான் கண்ணை மூடிக்கொண்டே படுத்திருந்தேன். போர்ட் பிளேரில் இறங்கியபின் பயம் கொஞ்சம் விட்டது. சிறையைப் பார்த்தோம், சங்குக் கடைகளில் திரிந்தோம். ஐந்தாம் நாள் ஓர் என்ஜின் படகில் ஆளில்லாத தீவு ஒன்றுக்குப் போனோம். படகுக்காரர் ராமநாதபுரத்திலிருந்து குடியேறிய குடும்பத்துக்காரர், தமிழ்தான் பேசினார்.

அந்தத் தீவையும் எதிரே இருந்த இன்னொரு சின்னத் தீவையும் ஒரு மணல் திட்டு இணைத்திருந்தது. வெள்ளை வெளேரென்று, இரண்டு பக்கமும் கடல்.

"நடந்து போயிட்டு வாங்க. ஆனா மூணு மணிக்கு முன்னாடி இந்தப் பக்கம் வந்துடணும். தண்ணி ஏறுச்சுன்னா பாதை இருக்காது" என்றார் படகுக்காரர்.

போகும்போது மணல் காலைச் சுட்டது. அந்தப் பக்கம் மரங்கள் கடல்வரை சாய்ந்து கிடந்தன. காற்றே இல்லை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. என் கணவர் கேமராவோடு பாறைகளைச் சுற்றி அப்பால் போனார்.

"ரெண்டே போட்டோ. இரு, வந்துடறேன்."

நான் நின்றேன். மணற்பூச்சிகள் கால்களைக் கடித்தன. திரும்பிப் பார்த்தபோது மணல் பாதை குறுகியிருந்தது. அலை எதுவும் அடிக்கவில்லை. தரை ஈரமாவதுபோல, சத்தமில்லாமல் இரண்டு பக்கத்திலிருந்தும் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"என்னங்க! வாங்க!"

பதில் இல்லை. மணி இரண்டரைதான். மறுபடி கூப்பிட்டேன். நடுவில் ஓரிடத்தில் இரண்டு பக்கத் தண்ணீரும் தொட்டுக்கொண்டன. எதிர்க்கரையிலிருந்து படகுக்காரர் இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்தினார்.

பாறைப் பக்கம் போய் என் கணவரைக் கூட்டி வந்திருக்கலாம். பாறை வரை இருபது, முப்பது அடி இருக்கும். நான் போகவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதிர்க்கரையைப் பார்த்து ஓடினேன். நடுவில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்தது. அப்போதுதான் பின்னாலிருந்து அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. நான் திரும்பவில்லை.

கரை சேர்ந்து பார்த்தபோது அவர் பாதிவழியில் மார்பளவு தண்ணீரில் நின்றார். நீரோட்டம் அவரைத் திட்டிலிருந்து பக்கவாட்டில் ஆழத்துக்குத் தள்ளியிருந்தது. கேமரா கையில் இல்லை. படகுக்காரர் படகுக் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டி, மறுமுனையை என்னிடம் கொடுத்து மரத்தில் சுற்றச் சொல்லிவிட்டுக் குதித்தார். இரண்டு பேரும் கரையேறியபோது என் கணவரின் உதடுகள் நீலமாக இருந்தன.

மைசூர் திரும்பிய வாரமே, விஜயநகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு வாத்தியாரும் அவர் மனைவியும் பயணக் கதை கேட்க வந்தார்கள். நான் காபி கொண்டுவந்தபோது என் கணவர் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி வழியில் தான் சிக்கிக்கொண்டதையும், நான் தண்ணீருக்குள் திரும்பி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்ததையும்.

"இவளு இல்லாந்த்ரெ நானு இல்ல" என்றார். இவள் இல்லையென்றால் நான் இல்லை. வாத்தியாரின் மனைவி கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க? நான் உங்கள விட்டுட்டுத்தானே வந்தேன்."

"தெரியும்" என்றார். குரலில் கோபமே இல்லை. "அது நம்ம ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா போதும்."

அந்தக் கதையை அவர் உறவினர்களிடமும், தொழிற்சாலை நண்பர்களிடமும், ஒருமுறை என் ஆஸ்பத்திரிக்கே வந்து என் தோழிகளிடமும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன்.

அதற்குப் பிறகு கடைத்தெருவோ கோயிலோ, எங்கே போனாலும் என்னை முன்னால் நடக்கவிட்டு, கண்ணிலிருந்து விடாமல், அவர் சற்றுப் பின்னால்தான் வந்தார்.